வெள்ளைச் செற்றியில் எட்டரை மணித்தியாலம்

முதலில் காசு விசயத்தைச் சொல்லிவிடுகிறேன், எங்கட சனம் அதைத்தான் முதலில் கேட்கும். இலவசமாகத்தான் காட்டினார்கள். லண்டன் தேம்ஸ் கரையில் இருக்கிற டேட் மொடேர்ன் மியூசியத்தில், 2019 ஜனவரி 20 வரைக்கும் ஓடியது. படத்தின் பெயர் 'த க்ளொக்', மணிக்கூடு. செய்தவர் கிறிஸ்டியன் மார்க்ளே. நீளம் 24 மணித்தியாலம். எழுத்துப் பிழை இல்லை, இருபத்துநாலு மணித்தியாலம்தான்.

என்னைக் கூட்டிக்கொண்டு போனவள் மகள். "அப்பா, ஒரு ஆள் மூண்டு வருசமா இருந்து வெட்டி ஒட்டின படம். உங்கட வேலைதானே, ஒருக்கா வந்து பாருங்கோ" என்றாள். மியூசியம் என்றாலே எனக்குக் கால் உளையும். ஆனால் "உங்கட வேலை" என்று சொல்லிவிட்டாள், என்ன செய்ய?

என் வேலை என்னவென்றால், 90களில் வெம்பிளிப் பக்கம் ஒரு வீடியோக் கடையில் நின்றவன் நான். பின்பக்க அறையில் இரண்டு டெக், நடுவில் ஒரு கேபிள். படங்களிலிருந்து பாட்டுகளை மட்டும் உருவி ஈ-180 கசெட்டில் 'பாட்டுக் கொப்பி' போடுவோம். பதிவு செய்கிற டெக்கின் போஸ் பட்டனை விட்டதும் அது உடனே பிடிக்காது, அரை செக்கன் பிந்தித்தான் பிடிக்கும். அந்த அரை செக்கனைக் கணக்குப் பண்ணி, பாட்டுத் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னமே விரலை எடுக்க வேண்டும். பிசகினால் ஒட்டின இடத்தில் வானவில் மாதிரி ஒரு கோடு ஓடும், இல்லையென்றால் கதாநாயகியின் கடைசி வசனத்தில் பாதி வந்து நிற்கும். பிறகு கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று வீடியோ எடுத்தேன். கொம்பியூட்டரில் வீடியோ வெட்டி ஒட்டுகிற ஃபைனல் கட் புரோ வந்த பிறகுதான் நிம்மதியாக மூச்சு விட்டேன். மார்க்ளேயும் இந்தப் படத்தை அதே ஃபைனல் கட்டில்தான் வெட்டினாராம். அதைக் கேட்டதும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

விசயம் இதுதான். உலகத்துப் படங்களில் எங்கெல்லாம் ஒரு மணிக்கூடு தெரிகிறதோ, எங்கெல்லாம் யாராவது நேரம் சொல்கிறார்களோ, அந்தத் துண்டுகளை எல்லாம் பொறுக்கியிருக்கிறார்கள். ஏறத்தாழ 12,000 துண்டுகள். ஊமைப்படக் காலத்திலிருந்து இந்த நூற்றாண்டு வரைக்கும். ஆறு உதவியாளர்கள் டிவிடி டிவிடியாகப் பார்த்துத் துண்டுகளைக் கொண்டுவந்து கொடுக்க, இவர் இருந்து கோத்திருக்கிறார். திரையில் பின்னேரம் நாலு இருபது என்றால் உங்கள் கையிலும் நாலு இருபது. படம் ஓடுகிற கொம்பியூட்டர் அந்தந்த ஊர் நேரத்தோடு பூட்டப்பட்டிருக்கிறது. அதனால் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை, "டைட்டிலைத் தவறவிட்டுட்டம்" என்ற சண்டையும் இல்லை.

2010இல் லண்டனில்தான் முதலில் காட்டினார்கள். அடுத்த வருடம் வெனிஸ் பினாலே என்ற கலைக் கண்காட்சியில் தங்கச் சிங்கம் விருது கிடைத்தது. மொத்தமே ஆறு பிரதிகள்தான். அதில் ஒன்றை 2012இல் டேட்டும் பாரிஸ் பொம்பிடு சென்டரும் ஜெருசலேமில் இருக்கிற இஸ்ரேல் மியூசியமும் பங்குபோட்டு வாங்கின, எங்கட ஆக்கள் சீட்டுக்கட்டிக் கார் வாங்குகிற மாதிரி. ஒரு வெள்ளிக்கிழமைக்குள் நாற்பது கொப்பி அடித்தவனுக்கு இது கொஞ்சம் சிரிப்பு. டிவிடியும் கிடையாது, இணையத்தில் முழுசாகவும் கிடையாது. துண்டுகளுக்குப் படக் கம்பனிகளிடம் அனுமதி வாங்காமல்தான் மார்க்ளே செய்தார். அந்த வகையில் எங்கள் இரண்டு பேருக்கும் தொழில் ஒன்றுதான்.

முதல் தடவை போனது ஒரு வேலைநாள், மத்தியானம் இரண்டு மணி கழிந்து. உள்ளே கும்மிருட்டு. பெரிய திரை, முன்னால் வரிசை வரிசையாக வெள்ளைச் செற்றிகள். மகள் காதுக்குள், "ஐகியா செற்றி அப்பா, அவர்தான் இது வேணும் எண்டு கேட்டவராம்" என்றாள். தொட்டுப் பார்த்தேன், உண்மைதான், எங்கள் வீட்டிலும் ஒருகாலத்தில் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று கிடந்தது. சினிமாக் கதிரை மாதிரி மடக்கு இல்லை. எழும்பிப் போகிறவர் பக்கத்தில் இருக்கிறவரின் காலை மிதிக்கத் தேவையில்லை. எப்போதும் வரலாம், எப்போதும் போகலாம்.

மூன்று மணிக்குக் கால் மணி முந்தி ஹரோல்ட் லொயிட் வந்தார். 1923இல் வந்த ஊமைப்படம், கட்டடத்தின் உச்சியில் பெரிய மணிக்கூட்டு முள்ளில் தொங்குவாரே, அவர்தான். எத்தனையோ தரம் பார்த்த காட்சி. ஆனால் சரியாக அந்த நேரத்துக்கு, என் கை மணிக்கூடும் அதையே காட்டிக்கொண்டிருக்கும்போது பார்த்ததில்லை. சின்னப் பிள்ளை மாதிரி மகளின் கையைத் தட்டிக் காட்டினேன். "ஓம் அப்பா, தெரியுது" என்றாள், மற்ற ஆக்களுக்கு முன்னால் கொஞ்சம் வெட்கத்தோடு.

மூன்று மணிக்குப் பள்ளிக்கூட மணி, பிள்ளைகள் வெளியே பாய்கிறார்கள். அதற்குப் பிறகுதான் நான் படத்தை விட்டுவிட்டு ஒட்டைப் பார்க்கத் தொடங்கினேன். தொழில் வியாதி. கறுப்பு வெள்ளையில் ஒருவர் கதவைச் சாத்துகிறார். அந்தச் சத்தத்துக்குக் கலரில் ஒரு பெண் திரும்பிப் பார்க்கிறாள். அவள் பார்க்கிற திசையில் ஒரு ரயில், அது வேறொரு நாடு, வேறொரு பத்தாண்டு. இருந்தாலும் அந்தப் பெண் அந்த ரயிலைத்தான் பார்க்கிறாள் என்று மூளை ஒத்துக்கொள்கிறது. எப்படி? கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிசம் இருந்து கேட்டேன். அப்போது பிடிபட்டது: படம் மாறுகிற இடத்தில் சத்தம் மாறவில்லை. முந்தின துண்டின் வயலின் அடுத்த துண்டுக்குள் நீண்டுபோய், அங்கே ஒரு கார்க் கதவு அடிபடும்போதுதான் அடங்குகிறது. மழை ஒரு படத்தில் பெய்யத் தொடங்கி மூன்றாவது படத்தில்தான் விடுகிறது. கண்ணுக்கு வெட்டு, காதுக்கு ஒட்டு. இந்த ஒலி வேலையில் குவென்டின் கியப்பெட்டா என்பவர் மார்க்ளேயோடு இருந்திருக்கிறார். பேச்சு முழுக்க மணிக்கூடு பற்றி என்பதால் அவரின் பெயரை யாரும் சொல்வதில்லை, நான் சொல்கிறேன்.

மார்க்ளே காதால் வளர்ந்த ஆள் என்பதும் பிறகுதான் தெரிந்தது. 1955இல் கலிபோர்னியாவில் பிறந்து ஜெனீவாவில் வளர்ந்தவர். 70களின் கடைசியிலிருந்தே இசைத்தட்டுகளைச் சுழலவிட்டு, கீறி, உடைத்து, வேறு தட்டின் துண்டோடு பசைபோட்டு ஒட்டி வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார். 1985இல் உறை இல்லாமலே ஒரு இசைத்தட்டு வெளியிட்டார், கடையில் கிடந்து கீறுப்படக் கீறுப்பட அந்தக் கரகரப்பும் பாட்டில் சேர வேண்டும் என்பதற்காக. எங்கள் கடைக்காரர் கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார். 1995இல் ஏழரை நிமிசத்தில் ஒரு வீடியோ: பழைய படங்களில் ஆட்கள் ரெலிபோன் சுழற்றுகிறார்கள், வேறு படங்களில் மணி அடிக்கிறது, வேறு ஆட்கள் எடுத்து "ஹலோ" சொல்கிறார்கள், கடைசியில் வைக்கிறார்கள். அவ்வளவுதான், ஆனால் அதற்குள் ஒரு குடும்பச் சண்டையே கேட்கும்.

எனக்கு அவரின் வேலைகளில் மிகவும் பிடித்தது 2002இல் செய்த 'வீடியோ குவார்ட்டெற்'. நாலு திரை ஒரே வரிசையில், நாலிலும் படங்களிலிருந்து எடுத்த துண்டுகள்: பியானோ வாசிப்பவர், ட்ரம்பெட் ஊதுபவர், கூவுகிற பெண், உடைகிற கிளாஸ். எல்லாம் சேர்ந்து ஒரு கச்சேரி. ஒருவர் இடது ஓரத் திரையில் தொடங்கிய சுரத்தை வலது ஓரத்தில், ஐம்பது வருடம் தள்ளி, இன்னொருவர் வாங்கிக்கொள்வார். முடிய கால் மணித்தியாலமும் ஆகாது. நேரம் இல்லாத ஆட்களுக்கு நான் அதைத்தான் முதலில் சொல்வேன். பெரிய மணிக்கூட்டைவிட அதில் குறும்பு கூட.

சரி, ராத்திரிக்கு வருகிறேன். மியூசியம் பூட்டுகிற நேரத்துப் படத்தையும் சனம் பார்க்க வேண்டாமா? அதற்காகச் சில சனிக்கிழமைகளில் விடிய விடியத் திறந்து வைத்தார்கள். 2018 நவம்பரில் ஒரு சனிக்கிழமை தனியப் போனேன். மனுசி, "படுக்கிற நேரத்தில மணிக்கூடு பாக்கப் போற முதல் ஆள் நீங்கள்தான்" என்று சொல்லி இரண்டு றோல்ஸும் ஒரு தண்ணீர்ப் போத்தலும் கட்டித் தந்தாள். உள்ளே சாப்பிட விடமாட்டார்கள், வரிசையில் நின்றபடியே முடித்தேன். ஒன்பதரைக்கு இருந்தவன் காலை ஆறு மணிக்கு எழும்பினேன்.

பத்து நாலுக்கு அந்த மின்னல் விழுந்தது. 'பேக் டு த ஃபியூச்சர்' படத்தில் காலத்துக்குள் பின்னுக்குப் போகிற காரும் பொடியனும், நகரசபை மணிக்கூட்டில் விழுகிற மின்னலும், எல்லாருக்கும் தெரிந்ததுதான். செற்றிகளில் இருந்தவர்கள் அதற்காகவே காத்திருந்திருக்கிறார்கள், ஒரு கூக்குரல் எழும்பியது. பதினொன்றரைக்குப் பிறகு திரையில் பதற்றம் ஏறத் தொடங்கியது. துண்டுகள் சின்னதாகின்றன, மணிச் சத்தங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன. நடுச்சாமத்தில் பிக் பென் வெடித்துச் சிதறியது. கைதட்டு. உண்மையான பிக் பென் ஆற்றுக்கு மேல்பக்கம், நடக்கிற தூரத்தில், திருத்த வேலைக்காகச் சாரம் கட்டிப் பேசாமல் நின்றுகொண்டிருந்தது.

கைதட்டினவர்களில் பாதிப் பேர் பன்னிரண்டே காலுக்கெல்லாம் எழும்பிப் போய்விட்டார்கள். அங்கேதான் பிழை விட்டார்கள். என் அபிப்பிராயத்தில் பன்னிரண்டு மணிக் காட்சிகள் மேளதாளம், பார்க்க வேண்டியது இரண்டு மணிக்குப் பிறகு. படங்களில் மத்தியானத்துக்கும் நடுச்சாமத்துக்கும் மணிக்கூடு காட்டக் காரணம் இருக்கும், சண்டை வரும், குண்டு வெடிக்கும். விடியப்புறம் மூன்று பதினேழுக்கு யார் மணிக்கூடு பார்க்கிறார்? நித்திரை வராதவர், வருத்தக்காரர், வீட்டுக்கு வராத பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கிற தாய். துண்டுகள் கிடைப்பது அருமை என்பது பார்க்கவே தெரிகிறது, ஒவ்வொன்றும் நீளமாகக் கிடக்கிறது. படுத்திருக்கிற முகங்கள், கனவுகள், இருட்டில் ஒளிர்கிற இலக்கங்கள். ஒரு நடிகர் தலை நரைத்துப் படுத்தார், பத்து நிமிசம் கழித்து இளம் பொடியனாகப் புரண்டார். எனக்கு முன் செற்றியில் ஒரு சோடி தோளில் தோள் சாய்த்து நித்திரை. திரையிலும் நித்திரை, கீழேயும் நித்திரை. நானும் ஒரு இருபது நிமிசம் போயிருப்பேன். முழித்ததும் எத்தனை மணி என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அந்த நேரத்தில் சம்பந்தம் இல்லாமல் ஒன்று ஞாபகம் வந்தது. 1996இல் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இலங்கை அரசாங்கம் நேரத்தை முன்னுக்குத் தள்ளியது, முதலில் ஒரு மணித்தியாலம், பிறகு அதை அரை மணித்தியாலமாகக் குறைத்தது. புலிகளின் பக்கம் பழைய நேரத்திலேயே நின்றது. 2006இல் கொழும்பு திரும்பப் பழையதற்கு வரும்வரைக்கும் ஒரே நாட்டில் இரண்டு நேரம். புலிகளின் பக்கம் இருந்த வன்னியிலிருந்து சித்தி அரசாங்கப் பக்கம் இருந்த வவுனியாவுக்கு வந்து, கடையில் நின்று என் ஃபோன் கோலுக்குக் காத்திருப்பா. "பழைய நேரமோ புது நேரமோ?" என்று கேட்க மறந்தால் அரை மணித்தியாலம் ஒருவரை ஒருவர் தவறவிடுவோம். எல்லாரின் மணிக்கூடும் ஒரே நேரம் காட்டுகிற அந்த இருட்டறையில் இருந்துகொண்டு இதை நினைத்தேன்.

குறையும் சொல்ல வேண்டும். ஹொலிவூட் வாசம் கூட. பிரெஞ்சுப் படங்கள் கொஞ்சம் வந்தன, ஜப்பான் எட்டிப் பார்த்தது. நான் இருந்த மணித்தியாலங்களில் தமிழ்ப் படம் ஒன்றையும் காணவில்லை. எங்கட படங்களில் மணிக்கூட்டுக்கா பஞ்சம்? ஆஸ்பத்திரிச் சுவரில் ஒன்று, ரயில்வே ஸ்டேசனில் ஒன்று, பெண் பார்க்க வருகிற வீட்டில் பெண்டுலம் ஆடுகிற ஒன்று. அந்த ஆறு பேரோடு ஏழாவது ஆளாக எங்கள் கடைப் பொடியன் ஒருவன் இருந்திருந்தால் விடியப்புறம் நாலு மணியை ஒற்றைக் கையால் நிரப்பியிருப்பான். இன்னொன்று, சில இடங்களில் விளையாட்டு வெளிச்சமாகத் தெரிகிறது. ஒருவர் எறிய இன்னொரு படத்தில் இன்னொருவர் பிடிக்கிறார் என்பது முதல் பத்துத் தரம் சிரிப்பு, பதினோராவது தரம் "சரி, விளங்குது" என்று வாய் சொல்கிறது.

இனி எங்காவது காட்டினால் போகிறவர்களுக்கு: வேலைநாளில் போங்கள், சனம் குறைவு. இரண்டரைக்கு இருந்து நாலு வரைக்கும் பார்த்தால் விசயம் பிடிபடும். பத்து நிமிசத்தில் எழும்பினால் ஒன்றும் தெரியாது, "என்ன இது, துண்டு துண்டா" என்றுதான் வருவீர்கள். ஒரு ஸ்வெட்டர் கொண்டுபோங்கள்.

அன்று காலை வீட்டுக்கு வந்து படுக்கவில்லை. மேல் அறையில் பழைய பெட்டியைக் கிளறி 2003இல் செய்த ஒரு கலியாண டிவிடியைத் தேடி எடுத்தேன். நல்ல நேரம் 11:04க்கு முடிகிறது என்று கார்டில் அடித்திருந்தார்கள். பொம்பிளையின் கார் டிராஃபிக்கில் மாட்டி, ஐயர் அவசரப்பட்டும் தாலி ஏறும்போது 11:20. நான் விசரன், பழக்க தோசத்தில் ஹோல் சுவரில் இருந்த மணிக்கூட்டையும் வடிவாக எடுத்து வைத்துவிட்டேன். ஒரு கிழமை கழித்து பொம்பிளையின் தகப்பன் ஃபோன் எடுத்தார். "தம்பி, கோவிக்காதையும். அந்த மணிக்கூட்டை ஒண்டும் செய்யேலாதோ? ஊருக்கும் கொப்பி அனுப்பவேணும்." வெட்டி எறிந்தால் கெட்டிமேளம் அறுந்துபோகும். அதனால் ஆறு மாதத்துக்கு முன் வேறொரு ஹோலில், வேறொரு கலியாணத்தில் எடுத்த மணிக்கூடு ஒன்றைத் தேடிப் பிடித்தேன். 10:50. அதைத் தூக்கி இந்த இடத்தில் வைத்து, மேளத்தை மட்டும் கீழே அப்படியே ஓடவிட்டேன். தகப்பனுக்குச் சரியான சந்தோசம், ஐம்பது பவுண் கூடத் தந்தார்.

டிவிடியைப் போட்டுப் பார்த்தேன். மேளம் ஓடுகிறது, ஒட்டுத் தெரியவில்லை. தாலி ஏறுகிறது, 10:50. மகள் தேத்தண்ணியோடு வந்து பின்னால் நின்றவள், ரிமோட்டை வாங்கி ஒருக்காப் பின்னுக்கு ஓட்டினாள்.

"அப்பா, அங்க சுவரில இருக்கிற மணிக்கூடு சதுரம். நீங்கள் காட்டுறது வட்டம்."

பதினைந்து வருடம். இரண்டு குடும்பத்தில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.